சலூன்காரருக்குச் சவரம்

முகத்தில் ஒரு முடி இல்லாத நான் சவரக்கத்தி தீட்டக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. ஏற்காடு பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம், பழைய பேண்டுக்கு ஜிப் மாற்றுவது, இவ்வளவுதான் என் தொழில். கத்திரிக்கோலையும் அரிவாள்மனையையும் விட்டால் கூரான பொருள் எதனோடும் எனக்குப் பெரிய பழக்கம் கிடையாது.

கத்தி வீட்டுக்கு வந்தது என் வீட்டுக்காரரால். அவர் ஜீப் ஓட்டுகிறார். காலையில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போய் இறக்குவார். மிச்ச நேரத்தில் காப்பி மூட்டையோ மிளகு மூட்டையோ, எது கிடைத்தாலும் ஏற்றுவார். ஒரு ஆனி மாதம், தலைச்சோலைப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றுகிறார்கள் என்று அங்கிருந்த தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. யாருக்கும் வேண்டாத ஒரு தகர டப்பாவை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அவர் கையில் கொடுத்து, வேண்டுமானால் வைத்துக்கொள்ளச் சொன்னாராம். துருப்பிடித்த கீல்கள், கதவுக் கைப்பிடிகள், ஒரு மொட்டைப் பிரஷ், அவற்றோடு இரண்டு மடக்குச் சவரக்கத்திகள்.

"பாரு புள்ள, சினிமாவுல பெரிய பெரிய ஆளுங்க இதுலதான் சவரம் பண்ணுவாங்க" என்று ஒன்றை விரித்துக் கன்னத்தருகே வைத்துக் காட்டினார். கத்தி மொக்கையாக இருந்தது. அவர் கன்னத்தில் ஒரு கோடு மட்டும் விழுந்தது. முடி அப்படியே நின்றது.

அடுத்த வாரமே சாணை பிடிப்பவர் மலைக்கு வந்தார். சேலத்திலிருந்து பஸ்ஸில் தன் மோட்டார்ச் சக்கரத்தோடு ஏறி வருவார். என் கடை பிளக்கில்தான் கரண்ட் எடுப்பார். அதற்குப் பதிலாக என் கத்திரிக்கோல்களை முதலில் தீட்டிக் கொடுத்துவிடுவார். என் வீட்டுக்காரர் ஒரு கத்தியை அவரிடம் நீட்டினார். அவரும் வழக்கம்போலச் சக்கரத்தில் வைத்தார். பொறி பறந்தது. கத்தியின் ஓரம் முதலில் வெல்லப்பாகு நிறத்துக்கு வந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மயில் கழுத்து நீலமாகிவிட்டது. பெரிய கத்திரிக்கோலையே பார்த்துப் பழகிய அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"அய்யய்யோ, நொம்ப மெலிசா இருக்குதுங்க்கா. சூடு தாங்குலீங்க. எரிஞ்சு போச்சு" என்றார். முகம் வாடிவிட்டது. நீலம் பாய்ந்த இரும்பில் அப்புறம் கூர் நிற்காது என்று அவரே சொன்னார்.

"பரவாயில்லீங்க, இன்னொண்ணு இருக்குது" என்று என் வீட்டுக்காரர் இரண்டாவதை எடுக்கப் போனார். எனக்கு என்ன தோன்றியதோ, எட்டி அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இத யாருக்கும் தரமாட்டேன். உங்களுக்குந்தான்."

"உனக்கு எதுக்கு புள்ள இது? தாடி வளத்தப் போறியா?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சாணைக்காரரும் வாட்டத்தை மறந்து சிரித்துவிட்டார். கத்தியை ஒரு லைனிங் துணியில் சுற்றி மிஷின் டிராயரில் போட்டேன்.

அப்புறம் ஆடி வந்தது. ஆடியில் யாரும் புது ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதில்லை. பள்ளிக்கூட யூனிஃபார்மும் முடிந்திருக்கும். வெளியே மூடுபனி இறங்கி எதிர்க்கடை போர்டுகூடத் தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் அந்தக் கத்தியை எடுத்துப் பார்த்தேன். முதுகு பென்சில் போலத் தடிமனாக இருந்தது. முதுகுக்குக் கீழே இரண்டு பக்கமும் யாரோ வழித்தெடுத்த மாதிரி உள்வாங்கிக் குழிந்து, குழிந்து, கூருக்கு வரும்போது காகிதமாகியிருந்தது. விளக்குக்கு நேரே பிடித்து நகத்தால் லேசாகச் சுண்டினேன். டிங் என்றது. அவ்வளவு சின்னப் பொருளிலிருந்து அப்படி ஒரு நீளமான ஓசை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்னொரு தடவை சுண்டினேன். அன்றைக்கு யாரும் கடைக்கு வராததால் நிறையவே சுண்டினேன்.

எங்கள் மகள் சேலத்தில் நர்ஸிங் படிக்கிறாள். அவளிடம் போனில் சொன்னபோது, இதைத் தீட்டுவது எப்படி என்று நான்கைந்து வீடியோ அனுப்பினாள். எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் பேசுவது. பேச்சு பாதிக்குமேல் புரியவில்லை. ஆனால் கையைப் பார்த்தால் போதுமே. தையல்காரிக்கு அடுத்தவர் கையைப் பார்த்து வேலையைப் பிடித்துக்கொள்வது ஒன்றும் புதிதில்லை.

பார்த்ததில் ஒரு விஷயம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. கத்திரிக்கோலைத் தீட்டும்போது எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதுதான் பெரிய தொல்லை. கொஞ்சம் கை மாறினாலும் கெட்டுவிடும். இந்தக் கத்திக்கு அந்தத் தொல்லையே இல்லை. கல்லின்மேல் படுக்க வைத்தால் முதுகும் கூரும் மட்டும் கல்லைத் தொடும். நடுவில் குழிந்த இடம் பாலம் மாதிரி அந்தரத்தில் நிற்கும். சாய்வைக் கத்தியே பார்த்துக்கொள்ளும். நாம் செய்யவேண்டியது ஒன்றுதான், அதை அழுத்தாமல் இருப்பது.

அந்த ஒன்றுதான் எனக்கு வரவில்லை.

ஹார்டுவேர் கடையில் ஒரு தீட்டுக்கல் வாங்கினேன். கல் மட்டமாக இருக்கவேண்டும் என்றார்கள். டிரையல் ரூமிலிருந்த கண்ணாடியைக் கழற்றிப் படுக்கப் போட்டு, அதன்மேல் நனைத்த உப்புத்தாளை விரித்து, கல்லைத் தேய்த்து மட்டமாக்கினேன். அப்புறம் தண்ணீர் தெளித்து, கத்தியைப் படுக்க வைத்து, கூர் முன்னால் போகும்படி தள்ளினேன். கடைசியில் முதுகின்மேல் புரட்டி மறுபக்கம் இழுத்தேன். கத்திரிக்கோலுக்குக் கொடுக்கிற அழுத்தமே கையில் வந்தது. காகிதம் போன்ற கூர் அழுத்தத்துக்கு வளைந்து கொடுத்துவிட்டு, கையை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துகொண்டது. எவ்வளவு தீட்டியும் கூர் ஏறவில்லை.

தீட்டியதைச் சோதித்துப் பார்க்க முடி வேண்டும். என் கையில் பூனைமுடிதான். என் வீட்டுக்காரர் கையில் புல்வெளி மாதிரி இருக்கும். சாயங்காலம் அவர் டீ குடிக்க உட்கார்ந்ததும் கையைக் கேட்பேன். நல்ல மனுஷர், நீட்டுவார். முதல் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முடி வர ஆரம்பித்தது. இங்கே ஒரு வட்டம், அங்கே ஒரு பட்டை என்று முன்னங்கை முழுக்க வழுக்கை விழுந்தது. ஜீப்பில் வந்த ஒரு பெரியம்மா ஸ்டியரிங்கின் மேலிருந்த கையைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"ஏனுங் தம்பி, கையில படை கிடை வந்துருக்குதுங்களா? வேப்பெண்ண தடவுங்க சாமி."

மறுநாள் ஒரு பாட்டில் வேப்பெண்ணெயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் அதை என் மிஷின் மேல் வைத்துவிட்டு, "இனிமே எனக்கு முழுக்கைச் சட்டை தெச்சுக் குடு" என்றார். தைத்துக் கொடுத்தேன்.

அழுத்தம் எப்படிக் குறைந்தது என்றும் சொல்லவேண்டும். ஒரு டீச்சரம்மா ஆடி முடியட்டும் என்று காத்திராமல் ஷிஃபான் புடவைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்தார். ஷிஃபானை மிஷினில் விடும்போது பிடிக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. விரல் துணிமேல் இருக்கும், ஆனால் இருக்காது. அந்த ஓரத்தை அடித்து முடித்த கையோடு கத்தியை எடுத்துக் கல்லில் வைத்தேன். அதே விரல். கத்தி தன் எடையிலேயே போயிற்று. கல்லிலிருந்து வந்த ஓசையே மாறிவிட்டது. அதுவரை கரகரவென்று கேட்டது பட்டுத் துணி உரசுவதைப் போலக் கேட்டது. கூருக்கு முன்னால் தண்ணீர் ஒரு சின்ன அலையாகக் குவிந்து கத்தியின்மேல் ஏறியது. நான் அப்போதே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவர் முழங்கைக்கு மேலே மிச்சமிருந்த இடத்தில் ஒரே இழுப்பு. முடி உதிர்ந்து டீ டம்ளரில் விழுந்தது.

"இப்ப வாங்க, தாடிய எடுத்துடலாம்" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கையக் குடுத்தேன். கழுத்தக் குடுக்க மாட்டேன்."

எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. சொந்தமாகத் தாடி இல்லாதவள் சவரக்கத்தி தீட்டினால் இதுதான் சங்கடம். வீடியோவில் ஒருவர் பலூனில் சோப்பு நுரை பூசி வழித்துப் பழகச் சொன்னார். அதையும் செய்தேன். என் வீட்டுக்காரர் பலூனுக்கு மீசை வரைந்து கொடுத்து உற்சாகப்படுத்தினார். முதல் பலூன் வெடித்ததில் நுரை கூரைவரை தெறித்தது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது பலூன் தப்பித்தது. அது எங்கள் அலமாரிமேல் மீசையோடு ரொம்ப நாள் இருந்து, காற்று இறங்கிச் சுருங்கிப்போயிற்று.

ஆனால் பலூன் கருத்துச் சொல்லாது. எனக்குத் தெரிந்தாகவேண்டியிருந்தது. ஒருநாள் காலை, கூட்டம் சேர்வதற்குமுன், கத்தியை எடுத்துக்கொண்டு பஜார் சலூனுக்குப் போனேன்.

சலூன்கார அண்ணனை ஏற்காட்டில் தெரியாதவர்கள் கிடையாது. மலைக்குக் கீழே இருந்து வந்த குடும்பம் என்றாலும் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். பேசிக்கொண்டே முடி வெட்டுவார். மிளகு விலையும் சொல்வார், எந்த எஸ்டேட்டில் காட்டெருமை புகுந்தது என்றும் சொல்வார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பாதிப்பேர் அந்தப் பேச்சிலேயே தூங்கிவிடுவார்கள். ஒரு பொம்பளை உள்ளே வந்து நிற்பதைப் பார்த்ததும் அவர் டிவியை அணைத்தார்.

"என்னுங்க அம்மிணி, பையனுக்கு வெட்டோணுமா? உங்களுக்கு ஒரே பொண்ணுதானுங்களே?"

துணியைப் பிரித்துக் காட்டினேன். அவர் கையை நீட்டி வாங்கினார். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் போலவே நகத்தால் சுண்டினார். சிரித்தார்.

"இத நான் கஸ்டமருக்குப் போட முடியாதுங்க. ஒவ்வொருத்தருக்கும் புது பிளேடு. கண்ணு முன்னால கவரப் பிரிச்சாத்தான் உக்காருவாங்க. அதுவும் நாயந்தானுங்க. ஆனா எம் மூஞ்சிக்கு நான் யாரையுங் கேக்க வேண்டியதில்லைல்ல?"

டெட்டால் தண்ணீரில் கத்தியைக் கழுவி, தன் கன்னத்தில் நுரை பூசி, கண்ணாடியைப் பார்த்து மெதுவாக இழுத்தார். பாதிக் கன்னம்வரை போனவர் நிறுத்தினார். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

"நடுவுல நல்லா வருதுங்க அம்மிணி. நுனிப் பக்கம் புடிச்சு இளுக்குது. புடுங்குதுன்னே வெச்சுக்கங்களேன்."

வருத்தமாக இருந்தது. ஆனாலும் கடைக்கு வரும் வழியிலேயே ஏன் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். மார்க்கர் பேனாவால் கூர் முழுக்கக் கறுப்படித்துக் கல்லில் ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். நடுவில் கறுப்பு போய்விட்டது. நுனியில் அப்படியே இருந்தது. கத்தி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைந்திருந்தது. அதாவது நான் இத்தனை நாளும் நுனியைத் தீட்டவே இல்லை. நேராக இழுக்காமல், ஓரப்பட்டிக்குத் துணியைக் குறுக்காக வெட்டுகிற மாதிரி சாய்த்து இழுத்து, போகப்போக மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் நுனியும் கல்லைத் தொட்டது. மகள் சொல்லி, மெருகேற்றுகிற நைஸ் கல் ஒன்றும் ஆன்லைனில் வரவழைத்தேன். கடைசியில் தோல் வாரில் தேய்க்கவேண்டும். அதற்கு என் வீட்டுக்காரரின் பெல்ட்டை ஜன்னல் கம்பியில் மாட்டினேன். வாரில் மட்டும் முதுகு முன்னால் போகவேண்டும். ஞாபகம் இல்லாமல் கூர்ப் பக்கத்தை முன்னால் தள்ளிவிட்டேன். பெல்ட் இரண்டாயிற்று. கத்தி எவ்வளவு கூர் என்று அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு அன்று பேண்டில் கட்டிக்கொள்ள ஒரு சுடிதார் நாடாதான் கிடைத்தது.

ஆவணி பிறந்தது. கடையில் வேலை குவிந்தது. தீட்டிய கத்தி டிராயரிலேயே கிடந்தது. அண்ணனிடம் திரும்பப் போக நேரமே கிடைக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, சலூன்களுக்கு லீவு நாள், அவரே என் கடை வாசலில் வந்து நின்றார். முதலில் அடையாளம் தெரியவில்லை. தாடி. வலது கைக் கட்டைவிரலில் பெரிய கட்டு.

"ஷட்டர்ல நசுங்கிப்போச்சுங்க அம்மிணி. கடையில வேல செய்யற தம்பியும் கலியாணத்துக்குன்னு ஊருக்குப் போயிட்டான். நாளைக்குச் சேலத்துல எந் தங்கச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் நான். இந்தக் கோலத்துல எப்புடிங்க போயி நிக்கறது?"

"வேற சலூன்ல போயி எடுத்துக்கலாமுல்லங்கண்ணா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நானு? இன்னொருத்தன் கடையிலயா? ஊரு சிரிக்காதுங்களா? இடது கையில நானே போட்டுப் பாத்தேனுங்க." தாடையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு மூன்று கீறல். "அந்தக் கத்தி இருக்குதுங்களா?"

டிராயரைத் திறந்து கத்தியை எடுத்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். மகளுக்கும் போட்டேன். ஆபரேஷனுக்குமுன் நோயாளிகளுக்குச் சவரம் செய்துவிடும் பழக்கம் அவளுக்கு உண்டு.

"அம்மா, தோல நல்லா இளுத்துப் புடி. முடி வளர்ற பக்கமாவே போ. கத்தியக் குறுக்கால மட்டும் நகத்திடாத" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "யாருக்கும்மா?" என்றாள். சொன்னதும் சிரித்த சிரிப்பில் போன் நழுவி விழுந்த சத்தம் கேட்டது.

சலூன் ஷட்டரைப் பாதி தூக்கி நாங்கள் மூன்று பேரும் குனிந்து உள்ளே போனோம். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தோம். நான் வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து அவர் முகத்தில் வைத்து எடுப்பதற்குள் ஷட்டருக்குக் கீழே நிறையக் கால்கள் வந்து நின்றன. அப்புறம் ஒவ்வொருவராகக் குனிந்து எட்டிப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர், காய்கறிக் கடை அக்கா, பஸ் கிளம்ப நேரமிருந்த ஒரு கண்டக்டர். "உள்ளதான் வாங்களேன்" என்று என் வீட்டுக்காரரே எல்லோரையும் கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்.

நுரையை நன்றாகக் குழைத்துப் பூசினேன். பேசிக்கொண்டே இருக்கும் அந்த மனிதரின் வாயைச் சுற்றி நுரை ஏறியதும் கடை அமைதியாயிற்று. அதுவே எங்களுக்குப் புதுசாக இருந்தது. காதுக்குப் பக்கத்தில் தோலை மேலே இழுத்துப் பிடித்து, கத்தியை லேசாகச் சாய்த்து, ஷிஃபானை நினைத்துக்கொண்டு கீழே இறக்கினேன்.

குழிந்த கத்தி வழிக்கும்போது ஓசை வரும் என்று வீடியோவில் கேட்டிருக்கிறேன். நேரில் அது வேறு மாதிரி இருந்தது. ரவையைத் தாளில் கொட்டுகிற மாதிரி சன்னமான சரசரப்பு. குழிந்த பக்கம் முழுக்க அதிர்ந்து அந்த ஓசையைப் பெரிதாக்கிக் கொடுத்தது. ஒவ்வொரு முடியும் அறுபடுவது விரலுக்குத் தெரிந்தது. நுரை விலகிய இடத்தில் கன்னம் பளிச்சென்று இருந்தது. இழுக்கவில்லை, பிடிக்கவில்லை. பெஞ்சிலிருந்து காய்கறிக் கடை அக்கா, "அட!" என்றார்.

ஒரு கன்னம் முடிந்தது. மேலுதட்டையும் முடித்தேன். வலிக்கிறதா என்று கேட்கலாமென்று குனிந்தால், அண்ணனின் கண்கள் மூடியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. கொர் என்று ஒரு சத்தம்.

"தூங்கிட்டாருங்க!" என்றேன் மெல்ல.

கண்டக்டர் சிரிப்பை அடக்கமுடியாமல் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு கன்னமும் கழுத்தும் பாக்கி. அவர் தாடை கொஞ்சம் கொஞ்சமாக மார்பை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினால் திடுக்கிட்டு எழுவார். எழுப்பாவிட்டால் தலை எப்போது சாயும் என்று சொல்ல முடியாது.

"ஏனுங்க, தலையப் புடிங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

அவர் பின்னால் வந்து, பூசணிக்காயைத் தூக்குகிற பக்குவத்தில் அண்ணனின் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். நான் பக்கம் மாறச் சொன்னால் மெதுவாகத் திருப்பினார். தூக்கச் சொன்னால் தூக்கினார். கழுத்துக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார், தலையை மட்டும் விடவில்லை. தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் ஒரு சுழி இருந்தது. அங்கே முடி வட்டமாக வளர்ந்திருந்தது. அதன் போக்கிலேயே சின்னச் சின்னதாக எடுத்தேன். கடைசி இழுப்பின்போது வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அண்ணன் உடம்பு ஒரு தடவை குலுங்கியது. தாடைக்குக் கீழே கடுகளவு ரத்தம்.

அவர் கண்ணைத் திறந்தார். தன் தலை என் வீட்டுக்காரர் கையில் இருப்பதைப் பார்த்தார். "முடிஞ்சுதுங்களா?" என்றார், பஸ்ஸில் தூங்கி எழுந்தவர் ஊர் வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி. எல்லோரும் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெடித்தது. கண்டக்டர் பஸ்ஸை நோக்கி ஓடிக்கொண்டே சிரித்தார்.

படிகாரத்தை எடுத்துக் கீறலில் அவரே ஒற்றிக்கொண்டார். கன்னத்தைத் தடவினார். கீழிருந்து மேலாக, எதிர்ப்போக்கில் தடவினார். அதுதான் பரீட்சை என்று எனக்குத் தெரியும்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா அம்மிணி? அந்தச் சின்னக் கண்ணாடிய எடுத்துப் பின்னால காட்டுங்களேன்."

காட்டினேன். வாடிக்கையாளர்களுக்கு அவர் காட்டுவதைப் போலவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் காட்டினேன். முன்கண்ணாடியில் தன் பின்கழுத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எல்லாருக்கும் நாந்தான் காட்டுவேன். இங்க உக்காந்து நான் பாத்ததே இல்லீங்க" என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "அந்த மச்சம் எப்ப இருந்து அங்க இருக்குது?" என்று கேட்டார். காய்கறிக் கடை அக்கா, "எனக்குத் தெரிஞ்ச நாளா இருக்குதுங்க" என்றார்.

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளையைவிட மாமன் முகம்தான் மினுமினுப்பாக இருந்தது என்று சேலத்தில் சொன்னார்களாம். எந்தச் சலூன் என்று கேட்டவர்களிடம் அவர் மழுப்பாமல், "எங்கூருத் தையக்கார அம்மிணிதான் பண்ணி உட்டுச்சு" என்றே சொல்லியிருக்கிறார். அப்புறம் சில நாட்கள் என் கடைக்கு யாராவது வந்து கன்னத்தைத் தடவிக்கொண்டே நிற்பார்கள். நான் ஜாக்கெட் அளவு டேப்பைக் கையில் எடுத்தால் போய்விடுவார்கள்.

இதில் ஒருவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு, தோளில் துண்டோடு தானே வந்து உட்கார்ந்தார்.

"ஊருல இருக்கறவனுக்கெல்லாம் பண்ற. ஊட்டுல இருக்கறவனுக்கு ஒண்ணுமில்லையா?"

"நீங்கதான் வேண்டாமுன்னீங்க."

"அது அப்ப."

வெயில் அன்றைக்கு அபூர்வமாக நன்றாக அடித்தது. மிச்சமிருந்த பெல்ட் துண்டில் கத்தியைத் தேய்த்து, நுரை பூசி, அவர் வலது கன்னத்தில் ஆரம்பித்தேன். கல்யாணமாகி மகள் காலேஜ் போகும் அளவுக்கு வருஷம் ஆகிவிட்டது. இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு பொறுமையாக, நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. காதுமடலுக்குக் கீழே ஒரு நரை. இமையோரத்தில் ஜீப் ஓட்டிக் கண்ணைச் சுருக்கிய கோடுகள். தாடை எலும்புக்கு அடியில், முடி முளைக்காத நீளமான ஒரு தழும்பு.

"இது என்னங்க?"

"எது?"

தொட்டுக் காட்டினேன்.

"ஓ, அதா? சின்னப் பையனா இருக்கறப்ப கிளியூர்ல ஆரஞ்சு மரத்துல இருந்து உளுந்தேன். எங்க மரமில்ல. காவக்காரர் வந்துட்டாரு, கெளையோட சேந்து கீழ வந்தேன். காவக்காரர்தான் தூக்கிட்டுப் போயி மருந்து போட்டுவிட்டாரு. போட்டுட்டு ஒரு ஆரஞ்சும் குடுத்தாரு."

"இத்தன வருசமா சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லையே புள்ள. அந்த ஆரஞ்சு இருக்குதே, அது ஒரே புளிப்பு..." என்று சிரிக்க ஆரம்பித்தார். கன்னம் குலுங்கியது.

"சிரிக்காதீங்க, கத்தி இருக்குது!" என்று நானும் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒருவழியாக நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால், முகத்தைப் பார்த்ததும் மறுபடியும் சிரிப்பு வந்தது. வலது கன்னம் முடிவதற்கே வெகுநேரமாயிற்று.

இடது பக்கத்துக்கு நுரை பூசிக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. தலைச்சோலையில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள், பஸ்ஸை விட்டுவிட்டு ரோட்டில் நிற்கிறார்களாம். உடனே ஜீப் வேண்டுமாம்.

"முடிச்சிட்டுப் போங்க."

"கொழந்தைங்களோட நிக்கறாங்களாம் புள்ள. வந்து பாத்துக்கலாம்."

நுரையைத் துடைத்துவிட்டு, ஒரு கன்னம் வழவழவென்றும் ஒரு கன்னம் முள்ளாகவும் கிளம்பிவிட்டார். போகும்போது கண்ணாடியில் பார்த்து, துண்டைக் காதோடு சேர்த்து இடது பக்கமாக இழுத்துக் கட்டிக்கொண்டார். வண்டியில் ஏறியவர்கள் பல்வலியா என்று கேட்டார்களாம். ஆமாம் என்றாராம். ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டே வந்தார்களாம். நான் கத்தியைத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வைத்தேன். வெந்நீர் அண்டாவை மறுபடியும் அடுப்பில் ஏற்றினேன். மத்தியானச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருக்கும்போது ஜீப் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்து, துண்டை அவிழ்த்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து இடது கன்னத்தைக் காட்டினார்.